குறிப்பேட்டில் இல்லாத வாக்கியம்

எங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் நான் மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். ஆங்கிலத் துறை ஆசிரியர் என்பதால் குறிப்பெடுக்கும் வேலை இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. ஒருநாள் ஒரு மாணவி புகாரோடு வந்தார். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று விடுதித் தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். எழுந்து நின்று படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே அந்தச் சொல் வந்தது. 'ஹராஸ்மென்ட்' என்று நடு அசையில் அழுத்தி, நீட்டிச் சொன்னார்.

நான் பேனாவை நிறுத்தினேன். "ஹேரஸ்மென்ட்னு சொல்லணும்மா. முதல் எழுத்துலதான் அழுத்தம் வரும்" என்றேன்.

அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். "சரி மேம்" என்றார். அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவில்லை. அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் குரல் இறங்கியது. மூன்றாவது பத்தியை ஏறக்குறைய விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை குறிப்புகளைத் தட்டச்சு செய்யும்போது கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அந்த மூன்றாவது பத்தியில் இருந்த வாக்கியம், புகாரிலேயே மிகக் கனமான வாக்கியம், என் குறிப்பேட்டில் இல்லை.

புகார் என்ன, யார் மீது, முடிவு என்ன ஆயிற்று என்பதை நான் இங்கே சொல்ல முடியாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது, தடுப்பதுதான் சரி. நான் எழுத வந்தது வேறொரு புகார். அது என் மீதானது.

அன்று இரவு அகராதிகளை எடுத்துப் பார்த்தேன். நான் படித்த காலத்தில் வைத்திருந்த பழைய பிரிட்டிஷ் அகராதி முதல் அசையில்தான் அழுத்தம் என்றது. இன்றைய அகராதிகள் இரண்டையும் தருகின்றன. அமெரிக்காவில் இரண்டாம் அசை அழுத்தம் எப்போதோ பெரும்பான்மையாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்திலும் அது பரவி, இளைய தலைமுறையினரிடம் அதுவே மேலோங்கி நிற்கிறது. ஆக, என் மாணவி சொன்னது தவறே இல்லை. அவர் இன்றைய ஆங்கிலத்தைப் பேசினார். நான் என் ஆசிரியர்களின் ஆங்கிலத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அகராதி அவர் பக்கம் இருந்தது என்று சொல்லி இதை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அகராதி என் பக்கம் இருந்திருந்தால் நான் செய்தது சரியாகிவிடுமா? அந்தக் கேள்வியோடுதான், பதினான்கு ஆண்டுகளாக வகுப்பில் சிரிக்கச் சிரிக்க நடத்திவந்த ஒரு நாடகத்தை மறுபடி எடுத்தேன். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்'.

*

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டன் தெருவில் பூ விற்கும் எலைசா டூலிட்டிலின் பேச்சை, ஹிக்கின்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் சில மாதங்களில் மாற்றி, அவளைச் சீமாட்டி என்று உயர்குடியினரை நம்பவைக்கிறார். 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் முதலில் மேடையேறியது. 1914 ஏப்ரலில் லண்டனுக்கு வந்தது. நம் கல்லூரிகளில் இது மொழியின் ஆற்றலைக் காட்டும் நாடகமாக நடத்தப்படுகிறது. நானும் அப்படித்தான் நடத்தினேன். 'ஹிக்கின்ஸ் எலைசாவை எவ்வாறு உருமாற்றுகிறார்?' என்று தேர்வில் கேள்வியும் கேட்டிருக்கிறேன்.

இந்த முறை முதல் அங்கத்தைத் தாண்ட முடியவில்லை. மழைபெய்யும் இரவு. கோவென்ட் கார்டனில் தேவாலய முகப்பில் ஒதுங்கி நிற்கும் கூட்டம். எலைசா ஒரு கனவானிடம் பூ வாங்கச் சொல்லிக் கேட்கிறாள். பின்னால் ஒருவன் அவள் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று யாரோ சொல்கிறார்கள். அவள் நடுங்கிப்போகிறாள். அவன் போலீஸின் ஆள் என்று நினைக்கிறாள். இரவில் ஆண்களிடம் பேச்சுக் கொடுத்தாள் என்று ஒரு ஏழைப் பெண்ணின் மேல் குற்றம் சுமத்தினால் அவள் பெயரும் போய்விடும், பிழைப்பும் போய்விடும். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, பூ விற்க எனக்கு உரிமை இருக்கிறது என்று அழுது முறையிடுகிறாள்.

ஹிக்கின்ஸ் என்ன செய்கிறார்? குறிப்பேட்டைக் காட்டுகிறார். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பிறகு அவள் பேசியதை அவள் உச்சரிப்பு மாறாமல் அப்படியே திரும்ப வாசித்துக் காட்டுகிறார். சுற்றியுள்ளவர்கள் வியக்கிறார்கள். அவள் லண்டனின் எந்தப் பகுதியில் பிறந்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறார். பயத்தில் ஒரு பெண் வைத்த முறையீட்டில் அவருக்குக் கேட்டது அவளுடைய உயிரெழுத்துகள் மட்டும்தான். சற்று நேரம் கழித்து, இப்படிப்பட்ட ஒலிகளை எழுப்பும் பெண்ணுக்கு எங்கேயும் இருக்கவே உரிமையில்லை என்கிற அளவுக்குப் போகிறார். நாங்கள் வகுப்பில் சிரித்த இடம் அது.

நானும் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உச்சரிப்புதான் கேட்டது.

ஷாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எலைசாவின் முதல் சில வரிகளைக் காக்னி உச்சரிப்பிலேயே எழுத முயல்கிறார். உடனே, ஒலியியல் எழுத்து இல்லாமல் இதை எழுதினால் லண்டனுக்கு வெளியே யாருக்கும் புரியாது, இத்தோடு விட்டுவிடுகிறேன் என்று நாடகக் குறிப்பிலேயே சொல்லிவிட்டுக் கைவிடுகிறார். சீமான்களின் பேச்சைச் சாதாரண எழுத்தில் எழுதலாம், அது யாருக்கும் விநோதமாகத் தெரியாது. எலைசாவின் பேச்சை எழுதினால் மட்டும் பக்கம் முழுக்க எழுத்துப்பிழை போலத் தெரியும். எழுத்து முறையே ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 'கொச்சை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாமும் இதைத்தான் செய்துவருகிறோம்.

*

சரியான உச்சரிப்பு எது என்று முடிவு செய்தது யார்? இதற்கு எழுத்துபூர்வமான பதிலே இருக்கிறது. 1917இல் டேனியல் ஜோன்ஸ் என்ற லண்டன் ஒலியியலாளர் ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். பிறகு வந்த உச்சரிப்பு அகராதிகளுக்கெல்லாம் அது முன்னோடி. எந்தப் பேச்சைப் பதிவு செய்கிறேன் என்பதை அதில் அவர் நேர்மையாகவே விளக்குகிறார். தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சு. ஆனால் எல்லாக் குடும்பங்களும் அல்ல, வீட்டு ஆண்கள் பெரிய தனியார் உறைவிடப் பள்ளிகளில் படித்திருக்கிற குடும்பங்கள். அந்த உச்சரிப்புக்கு முதலில் அந்தப் பள்ளிகளின் பெயரையே வைத்தார். 1926 பதிப்பில்தான், 'ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சரிப்பு' என்ற பொருள்படும் பெயருக்கு மாறினார். நாம் மொழி ஆய்வகங்களில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பிரிட்டிஷ் உச்சரிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த விளக்கத்தில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சும் கணக்கில் உண்டு, ஆனால் அந்தப் பேச்சுக்குத் தகுதி வருவது அப்பாவோ அண்ணனோ கணவனோ படித்த பள்ளியிலிருந்து. அந்தப் பள்ளிகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. தான் நுழைய முடியாத பள்ளியின் உச்சரிப்பைத் தன் நாக்கில் சுமக்க வேண்டியவள் அந்த வீட்டுப் பெண்.

அதே 1926இல் பிபிசி வானொலி, அறிவிப்பாளர்கள் எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர். முதல் உறுப்பினர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆண்கள். டேனியல் ஜோன்ஸ் அதில் இருந்தார். பெர்னார்ட் ஷாவும் இருந்தார். 1930இல் பிரிட்ஜஸ் இறந்த பிறகு ஷாவே தலைவரானார். ஹிக்கின்ஸைப் படைத்தவர் கடைசியில் ஹிக்கின்ஸின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். 1933இல் பிபிசி ஷீலா பாரெட் என்ற பெண்ணை அறிவிப்பாளராக அமர்த்தியது. நேயர்களின் எதிர்ப்புக் கடிதங்கள் குவிய, சில மாதங்களிலேயே அவர் அந்த வேலையிலிருந்து எடுக்கப்பட்டார். அவருடையது திருத்தமான உச்சரிப்புதான். திருத்தமாகப் பேசினாலும் போதவில்லை, குரல் பெண்ணுடையதாக இருந்தது.

*

இவ்வளவு காவல் வைத்தும் அந்த உச்சரிப்பு நிலைத்து நின்றதா என்றால், இல்லை. 'புவர்' என்று நாம் சொல்லும் சொல் முன்பு 'புஅ' என்பதுபோல் ஒலித்தது. இன்று தென் இங்கிலாந்தில் பெரும்பாலோர் 'போ' என்கிறார்கள். 'ட்யூஸ்டே' இப்போது 'ச்சூஸ்டே'. 'ஹேப்பி'யின் கடைசி உயிர் முன்பு கிட்டத்தட்ட 'எ'வாக இருந்தது, இன்று 'ஈ'. 'ஆஃபன்' என்றுதான் சொல்ல வேண்டும், நடுவில் உள்ள 'ட்' ஒலிக்காது என்று என் ஆசிரியர் பிரம்பால் மேசையைத் தட்டிச் சொன்னார். இன்று 'ஆஃப்டன்' என்பதும் அகராதிகளில் இருக்கிறது.

இரண்டாம் எலிசபெத் அரசி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆற்றிய உரைகளை ஒலியியலாளர்கள் அளந்து பார்த்து, 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1950களுக்கும் 1980களுக்கும் இடையில் அரசியின் உயிரொலிகளே இடம் மாறியிருந்தன. தனக்குக் கீழே உள்ளவர்கள் என்று கருதப்பட்ட இளைய தலைமுறையின் உச்சரிப்பை நோக்கி அவர் நகர்ந்திருந்தார். 'அரசியின் ஆங்கிலம்' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததை அரசியே பேசவில்லை.

இந்த மாற்றங்களை முன்னால் நின்று நடத்துவது யார் என்பது எனக்கு இன்னும் சுவையாக இருந்தது. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1990இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பேசுகிறவர்களே அறியாமல் நடக்கும் ஒலி மாற்றங்களில் பெரும்பாலானவற்றில் பெண்களே ஆண்களை விட முன்னால் இருக்கிறார்கள் என்றார். நீண்ட காலமாக மாறாமல் இருக்கும் வழக்குகளிலோ பெண்கள் தரமான வடிவத்தை அதிகம் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் நிலைமை விளங்கும். பெண் புதிதாக ஒன்றைச் சொன்னால் மொழியைக் கெடுக்கிறாள். தரமான வடிவத்தைச் சொன்னால் பகட்டு காட்டுகிறாள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே 'கெட்ட' உச்சரிப்பு அகராதியில் ஏறும்போது யார் நாக்கிலிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

1960களின் இறுதியில் பீட்டர் டிரட்கில் இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் செய்த ஆய்வு இன்றும் மொழியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. 'ட்யூன்' என்ற சொல்லை அவ்வூர்க்காரர்கள் 'டூன்' என்பார்கள். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டபோது, உண்மையில் 'டூன்' என்று சொல்லும் பெண்களில் பலர் 'ட்யூன்' என்றுதான் சொல்வோம் என்றார்கள். ஆண்கள் பலர் நேர்மாறாக, தாங்கள் பேசுவதைவிடக் கொச்சையாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆணுக்குக் கொச்சை ஒரு மிடுக்கு. பெண்ணுக்கு அது குறை. பெண்களின் சமூக நிலை உறுதியற்றது, அதனால் தோற்றத்தாலும் பேச்சாலும் அதை ஈடுகட்டுகிறார்கள் என்று டிரட்கில் விளக்கம் தந்தார்.

பெண்ணிய மொழியியலாளர்கள் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பெண்களின் பேச்சுக்குக் காரணம் தேட அவர்கள் மனத்துக்குள் ஏன் போக வேண்டும், அவர்கள் செய்யும் வேலையைப் பாருங்கள் என்றார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாக் கடலோரத்தில் 'கல்லா' என்ற மொழியைப் பேசும் கறுப்பின மக்களிடையே பாட்ரிசியா நிக்கல்ஸ் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. வயல்வேலையும் வீட்டுவேலையும் செய்த மூத்த பெண்கள் தங்கள் மொழியை ஆண்களைவிட அதிகமாகக் காப்பாற்றினார்கள். பள்ளி ஆசிரியர், கடை விற்பனையாளர் என்று வேலைக்குப் போன இளம்பெண்கள் பொது ஆங்கிலத்துக்கு மாறினார்கள். கட்டட வேலைக்குப் போன ஆண்களிடம் பொது ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை. பெண்களிடம் கேட்டார்கள்.

எலைசாவும் இதைத்தானே சொல்கிறாள்? இரண்டாம் அங்கத்தில் அவள் ஹிக்கின்ஸின் வீட்டுக்குத் தானாகவே வருகிறாள். தெருமுனையில் பூ விற்காமல் பூக்கடையில் வேலை பார்க்க வேண்டும், இப்படிப் பேசினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் கற்றுக்கொடுங்கள், ஒரு பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். சீமாட்டியாக வேண்டும் என்ற கனவு ஹிக்கின்ஸும் பிக்கரிங்கும் போட்ட பந்தயம். அவள் கேட்டது வேலை. அவள் வருமானத்தில் ஒரு ஷில்லிங் எவ்வளவு பெரிய தொகை என்று ஹிக்கின்ஸே கணக்குப் போட்டு வியக்கிறார். பிறகு அந்தக் கட்டணத்தை மறந்துவிட்டு, அவளுடைய அப்பாவிடம் ஐந்து பவுனைக் கொடுத்து அனுப்புகிறார். மாணவியாக வந்தவள், ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கிய பொருளாகிவிடுகிறாள்.

*

மூன்றாம் அங்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம் உண்டு. கிளாரா. பணம் தேய்ந்துபோன நல்ல குடும்பத்துப் பெண். ஹிக்கின்ஸின் அம்மா வீட்டு விருந்தில் எலைசா துல்லியமான உச்சரிப்பில், தெருவில் மட்டுமே புழங்கும் ஒரு வசைச்சொல்லைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். 1914இல் லண்டன் அரங்கையே அதிரவைத்த சொல் அது. கிளாராவின் அம்மா திகைத்துப்போகிறார். இதுதான் இப்போது புதிய நாகரிகப் பேச்சு என்று ஹிக்கின்ஸ் சமாளித்துவைக்க, கிளாரா அதை நம்பி, போகிற போக்கில் தானும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறாள்.

ஒரே சொல். எலைசா தெருவில் சொன்னால் கீழ்மை. எலைசா வரவேற்பறையில் சொன்னால் அதிர்ச்சி. கிளாரா சொன்னால் நாகரிகம். நாடகத்தில் ஷா மிகக் கூர்மையாக இருக்கும் இடம் இது. ஆனால் அதை வேடிக்கையாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வரவேற்பறையில் ஒளித்துவைத்த பேச்சு எப்போது வெளிவரும் என்று சொல்ல முடியாது. மார்கரெட் தாட்சரின் அரசியலில் எனக்கு எள்ளளவும் உடன்பாடில்லை. ஆனால் லிங்கன்ஷயரில் மளிகைக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த அவர், பள்ளிப் பருவத்திலேயே உச்சரிப்புப் பயிற்சி எடுத்தார். கட்சித் தலைவரான பிறகு, கீச்சுக் குரல் என்ற ஏளனத்துக்காகக் குரலையும் தாழ்த்திக்கொண்டார். அத்தனைக்கும் பிறகு, 1983இல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைச் சீண்டும் சூட்டில் 'ஃப்ரிட்' என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்தது. பயந்துவிட்டவர் என்பதற்கு லிங்கன்ஷயரில் சொல்லும் சொல். நாட்டின் பிரதமரே தன் ஊர்ப்பேச்சைப் பூட்டிவைத்துத்தான் அந்த நாற்காலிக்கு வர வேண்டியிருந்தது.

நாடகத்தின் நான்காம் அங்கத்தில் பந்தயம் வென்ற இரவு வருகிறது. இரண்டு ஆண்களும் எலைசாவை எதிரே வைத்துக்கொண்டு, அப்பாடா முடிந்தது, ஒரே சலிப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். உழைத்தவள் அவள். அவள் காதில் விழுமே என்ற எண்ணம்கூட அவர்களுக்கு இல்லை. அவள் செருப்பைத் தூக்கி எறிகிறாள். முன்பு பூவை விற்றேன், இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு இனி என்னைத்தான் விற்க முடியும் என்ற பொருள்பட அவள் கேட்கிற கேள்விக்கு ஹிக்கின்ஸிடம் பதில் இல்லை. இவளை இப்படி மாற்றிவிட்டு அப்புறம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நாடகத்தில் முன்பே கேட்டவர்கள் இரண்டு பேர். வீட்டுப் பணிகளைக் கவனிக்கும் திருமதி பியர்ஸும் ஹிக்கின்ஸின் அம்மாவும். இருவரும் பெண்கள். இருவரையும் யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் எலைசா, உன் வித்தையை நானே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பேன் என்று எழுந்து நிற்கிறாள். அந்த முடிவை அவளிடமிருந்து பறிக்க எத்தனை பேர்! அவள் ஹிக்கின்ஸை மணக்கவில்லை என்று ஷா 1916இல் ஒரு நீண்ட பின்னுரையே எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் 1964இல் வந்த 'மை ஃபேர் லேடி' திரைப்படத்தில் அவள் திரும்பி வருகிறாள். செருப்பு எங்கே என்று அவர் கேட்பதோடு படம் முடிகிறது. அந்தப் படத்தில் எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் பாடல்களைத் தன் குரலில் பாடிப் பதிவு செய்தார். பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டு மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலை வைத்தார்கள். நிக்சனின் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. ஒரு பெண்ணின் குரல் போதாது என்று சொல்லும் கதையைப் படமாக்க, இரண்டு பெண்களின் குரலை மறைத்தார்கள்.

*

இவையெல்லாம் பழைய கதைகள், மேடைக் கதைகள் என்று தோன்றலாம். 2012இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக்கொல்லப்பட்டான். சற்று முன்புவரை அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த தோழி ரேச்சல் ஜென்டெல். 2013 ஜூனில் அவர் சாட்சிக்கூண்டில் ஏறியபோது வயது 19. இரண்டு நாட்களில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சாட்சி சொன்னார். அவர் பேசியது ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலம். கேட்கவில்லை, புரியவில்லை, திரும்பச் சொல் என்று மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டார். வெளியே ஊடகங்களில் அவர் பேச்சு கேலிக்குள்ளானது. சுட்டவர் விடுதலையானார். தீர்ப்புக்குப் பிறகு, அந்தப் பெண்ணின் சாட்சியம் நம்பும்படி இல்லை, அவர் சொன்ன சொற்களில் பலவற்றை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று நடுவர்களில் ஒருவர் தொலைக்காட்சியில் கூறினார்.

ஜான் ரிக்ஃபோர்ட், ஷரீஸ் கிங் என்ற மொழியியலாளர்கள் அந்தச் சாட்சியத்தை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். ஜென்டெலின் பேச்சில் குழப்பம் ஏதும் இல்லை, அது தனக்கென்று இலக்கணம் உள்ள வழக்கு, கேட்டவர்களுக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை என்று காட்டினார்கள். கொலை நடப்பதற்குச் சற்று முன்புவரை தொலைபேசியில் காதால் கேட்ட சாட்சி அவர். அவர் சொன்னது நீதிமன்றத்தின் காதில் ஏறவில்லை.

அந்த வழக்கில் நடுவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் பெண்கள். இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் குழுவிலும் குறைந்தது பாதிப் பேர் பெண்கள்; தலைவர் பெண்; சட்டம் அப்படித்தான் கேட்கிறது. கேட்கும் இடத்தில் பெண்களை உட்காரவைப்பது அவசியம். ஆனால் ஹிக்கின்ஸின் காதை நான் என் காதாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த இடத்தில் இருப்பது யார்?

அந்தக் காது எனக்கு எப்படி வந்தது என்பதும் தெரியும். ஆறாம் வகுப்பில் 'இஸ்கூல்' என்று படித்ததற்காக வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. தமிழில் 'ஸ்க' என்று சொல் தொடங்காது, அதனால் நாக்கு முன்னால் ஒரு 'இ'யைத் துணைக்கு அழைக்கிறது; இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அசை அழுத்தத்தை வைத்துத் தமிழில் சொற்கள் பொருள் மாறுவதில்லை. அதனால் ஆங்கிலத்தில் எந்த அசையை அழுத்துவது என்பதை ஒவ்வொரு சொல்லாக நாம் நெட்டுருப் போட வேண்டியிருக்கிறது. நான் போட்டேன். அதை வைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். பட்ட அவமானத்தைத் தகுதி என்று நினைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவளுக்கும் அதையே நீட்டினேன்.

இன்னொன்றையும் பிறகுதான் யோசித்தேன். நான் திருத்திய அந்தச் சொல்லுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கார்மிட்டா வுட் என்ற பெண், ஒரு பேராசிரியரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையிழந்தோர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் காரணம் என்ன என்று கேட்டபோது அவரிடம் சொல் இல்லை. சொந்தக் காரணம் என்றார். உதவி மறுக்கப்பட்டது. 1975இல் அவருக்காகக் கூடிய பெண்கள் தங்கள் எல்லோருக்கும் நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லி, அதற்கு ஒரு பெயர் தேடினார்கள். 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' பரவலான புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான். வாயடைத்துப்போன பெண்கள் பேசுவதற்காகத் தேடி எடுத்த சொல் அது. அதைச் சொன்ன ஒரு பெண்ணின் வாயை, அதன் அசையைக் காட்டி நான் அடைத்தேன்.

*

அடுத்த அமர்வுக்கு முன் அந்த மாணவியைச் சந்தித்தேன். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீ சொன்னதும் சரிதான். சரியா இல்லாட்டியும் நான் நிறுத்தியிருக்கக் கூடாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்போ தமிழ்லயே சொல்லட்டுமா மேம்?" என்று கேட்டார். அவரைத் தடுக்கும் விதி எதுவும் எங்கள் குழுவில் இல்லை. எழுத முடியாதவருக்கு எழுதித் தர வேண்டிய பொறுப்பைக்கூடச் சட்டம் எங்கள் மேல்தான் வைத்திருக்கிறது. தமிழில் சொல்லலாம் என்று அவரிடம் நாங்கள் முன்பே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் தன் ஊர்த் தமிழில் சொன்னார். முதல்முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது இப்போது நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த மூன்றாம் பத்தியைச் சொல்லும்போது நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டேன். முடித்ததும் குறிப்பேட்டை அவரிடம் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது இப்படியில்ல மேம்" என்று என் வாக்கியம் ஒன்றைத் திருத்தினார். திருத்தி எழுதி, மறுபடி காட்டினேன்.

இப்போது 'பிக்மாலியன்' வகுப்பில் அந்தப் பழைய கேள்வியை நான் கேட்பதில்லை. முதல் அங்கத்தைப் படித்துவிட்டு, ஹிக்கின்ஸின் குறிப்பேட்டில் இல்லாத ஒன்றை எழுதி வரச் சொல்கிறேன்: அந்த மழையிரவில் எலைசா என்ன சொல்லிக்கொண்டிருந்தாள்? உங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் எழுதலாம் என்றும் சொல்கிறேன். சென்ற ஆண்டு நாற்பத்திரண்டு விடைத்தாள்கள் வந்தன. அவற்றில் உச்சரிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றிலும் அவள் பயந்திருந்தாள்.